நூத்தி இருபத்தேழு விட்டுப்போச்சு

மூணாவது வரி வரைக்கும் நல்லாத் தெரியுது தம்பி. நாலாவதுதான்... எட்டு. எட்டு, அஞ்சு, அடுத்தது ஒண்ணா ஏழான்னு பிடிபடலை. ஏழுன்னா எண்ணூத்தி அம்பத்தேழு, அது உடையாது. ஒண்ணுன்னா எண்ணூத்தி அம்பத்தொண்ணு, இருபத்துமூணால போயிடும். அய்யோ, மன்னிச்சுக்கங்க. நீங்க கேட்டது அதில்ல. ஒரு வருஷமா வீட்ல இதே பேச்சு, வாயைத் திறந்தா இதுதான் வருது.

டீச்சரா? நானா? நல்லாக் கேட்டீங்க போங்க. நாங்க கியர் பட்டறை. மெஷினுக்குப் பல்சக்கரம் வெட்டிக் குடுக்கற பட்டறை. எங்க வீட்டுக்காரரு வெட்டுவாரு, நான் பிசிறு எடுப்பேன். பல்லு வெட்டின உடனே ஓரத்துல இரும்பு முள்ளு முள்ளா நிக்கும், பாத்திருக்க மாட்டீங்க. அதை அரத்தால தேய்ச்சு விடணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பண்ணது அதான். பாருங்க விரலை, ரேகையே கிடையாது. கைநாட்டு வெச்சா மெஷின் எடுக்க மாட்டேங்குது.

இது மங்கலா இருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு லென்ஸ் போட்டீங்களே, அது தேவலை. ம், அதான்.

கண்ணு கெட்டது அரத்தாலன்னு நினைக்காதீங்க. இந்த ஒரு வருஷத்துலதான். அவரு ஒரு நம்பரை வெச்சு வகுத்துக்கிட்டு இருக்காரு. பெரிய நம்பர், பத்து இலக்கம். அது எதாலயாவது மீதியில்லாம வகுபடுமா படாதான்னு பாக்கறாரு. ஸ்கூல்ல பகா எண்ணுன்னு சொல்லுவாங்களே, அதான். எங்க வீட்ல உடையறது, உடையாததுன்னு சொல்லுவோம். நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, எதால வகுக்கணுமோ அதைச் சுவத்தைப் பாத்துப் படிப்பேன். அவரு சிலேட்டுல போடுவாரு. மீதி வரும். மீதி வந்தா சிலேட்டை எங்கிட்ட நீட்டுவாரு, நான் துடைச்சுக் குடுப்பேன். அடுத்தது. மறுபடி மீதி, மறுபடி துடை. இதான் எங்க குடும்பம் இப்ப.

சிரிங்க தம்பி, பரவாயில்ல. எனக்கே சிரிப்பு வரும் சில நேரம். ஒருநாள் கடுப்புல, வகுத்தது போதும், எந்திரிச்சு வீட்டைக் கொஞ்சம் பெருக்குங்கன்னேன். அவரு நிமிந்துகூட பாக்கலை. பெருக்கறதெல்லாம் கடைசில சரிபாக்கறதுக்குத்தான்னாரு.

சுவத்துலன்னு சொன்னேன்ல, அது ஒரு கூத்து. ரெண்டு ரெண்டா, மூணு மூணா எல்லா நம்பராலயும் வகுக்க வேண்டியதில்ல. உடையாத நம்பரால மட்டும் வகுத்தாப் போதும். பதினஞ்சால எதுக்கு வகுக்கணும், மூணால போகலைன்னு ஏற்கெனவே தெரியும்ல? அதனால உடையாத நம்பர் எதெதுன்னு முதல்ல தெரியணும். பட்டறையில பழைய படத்தாள் எல்லாம் கிடந்துச்சு, மெஷின் படம் வரைஞ்ச பெரிய தாளு. அதோட பின்பக்கத்துல ஒத்தப்படை நம்பரா எழுதி, மூணாவது மூணாவதா அடிச்சு, அஞ்சாவது அஞ்சாவதா அடிச்சு, ஏழாவது ஏழாவதா அடிச்சு, அடிபடாம மிஞ்சினதை வட்டம் போட்டு, கூடத்துச் சுவரு பூரா ஒட்டிட்டாரு. தரையிலேர்ந்து கூரை வரைக்கும். பொடிப்பொடியா எழுத்து. எம்பி எம்பிப் படிச்சு கழுத்தும் போச்சு, கண்ணும் போச்சு.

இடையில சம்பந்தி வேற வந்துட்டாங்க, சொல்லாம கொள்ளாம. எங்க மருமகளோட அப்பாவும் அம்மாவும். எங்களுக்கும் பையனுக்கும் பேச்சு இல்ல, அதைச் சரிபண்ணலாம்னு நல்ல மனசோட வந்தவங்க. உள்ள வந்ததும் அந்தம்மா சுவத்தைப் பாத்தாங்க, தன் வீட்டுக்காரரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெயின்ட் அடிக்கப் போறோம், சுவரு அழுக்காகக் கூடாதுன்னு தாளு ஒட்டியிருக்கோம்னேன். அடிக்கப்போற சுவத்துக்கே எதுக்கும்மா தாளுன்னு அவங்க கேக்கலை. கேட்டிருந்தாக்கூட பரவாயில்ல. காபி ஆறறதுக்குள்ள குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பக்கூட எனக்குக் கால் வரலை. உள்ள அவரு, அடுத்ததைச் சொல்லுங்கறாரு.

எது வரைக்குமா? நீங்களும் கணக்குல ஆசை உள்ளவரு போல. லட்சம் வரைக்கும் போனாப் போதும். பத்து இலக்க நம்பரு ரெண்டா உடைஞ்சா, அதுல ஒண்ணாவது லட்சத்துக்கு உள்ள இருந்தாகணும். ரெண்டும் லட்சத்துக்கு மேலன்னா, பெருக்கினா பதினோரு இலக்கம் ஆயிடுமே. இதை அவரு எனக்குச் சொன்னப்ப, அட, ஆமால்லன்னு இருந்துச்சு. இப்ப தொண்ணூத்தெட்டாயிரம் தாண்டியாச்சு. ஒண்ணுலயும் உடையலை. கடைசி இலக்கம் ஒன்பது, அதனால ரெண்டாலயும் அஞ்சாலயும் இல்ல. மொத்தத்தைக் கூட்டினா நாப்பத்தாறு, மூணாலயும் இல்ல. அப்படியே வந்துக்கிட்டு இருக்கோம். அவரு முகத்துல இப்ப ஒரு களை. இன்னும் நாலஞ்சு நாள்ல முடிஞ்சுடும், இது உடையாத நம்பருதான்னு நேத்து சோத்துல கை வெச்சுக்கிட்டே சொல்றாரு.

அது உடையும் தம்பி.

எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடையில ஒரு பொண்ணு இருக்கு, அதுகிட்ட ஒருநாள் சொன்னேன். அது போன்ல அந்த நம்பரைப் போட்டு, நான் மூச்சு விடறதுக்குள்ள, நூத்தி இருபத்தேழு பெருக்கல் ஒரு எட்டு இலக்கம்னு காட்டிடுச்சு. நூத்தி இருபத்தேழு! லட்சம் எங்க, நூத்தி இருபத்தேழு எங்க. முதல் வாரத்துலயே ஆப்பட்டிருக்கணும். எனக்கு அந்தக் கடையிலயே கண்ணைக் கட்டிடுச்சு.

அவரு கணக்குல தப்பு பண்ற ஆளில்ல. வீட்டுக்கு வந்து, சும்மா கேக்கற மாதிரி, நூறுக்கு மேல நூத்தி முப்பதுக்குள்ள எல்லாம் பாத்தாச்சுல்லன்னு கேட்டேன். அவருக்கு என்னன்னா, நூத்தி இருபது பல்லு வரைக்கும் எங்க பட்டறையில வெட்டுவோம். அதுக்குள்ள எது உடையும் எது உடையாதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. அதுக்கு மேல சுவத்துத் தாளு. தாளை நூத்தி முப்பதுன்னு ரவுண்டா ஆரம்பிச்சுட்டாரு. நடுவுல இருக்கறதை விரல் மடக்கிச் சொன்னாரு. நூத்தி இருபத்தொண்ணு பதினொண்ணால போகும், இருபத்துமூணு மூணால, இருபத்தஞ்சு அஞ்சால, இருபத்தொன்பது மறுபடி மூணால. அவ்வளவுதானே, எல்லாம் உடையற சாதின்னாரு. நாலு விரல்தான் மடக்கியிருக்காரு. கட்டைவிரல் அப்படியே நிக்குது. நான் அந்தக் கட்டைவிரலையே பாத்துக்கிட்டு நிக்கறேன்.

ஏன் விட்டுப்போச்சுன்னும் எனக்குத் தெரியும். எங்க லேத்துல நூத்தி இருபத்தேழு பல்லு சக்கரம் ஒண்ணு உண்டு. அங்குலத்தை மில்லிமீட்டரா மாத்தி போல்ட்டுல மரை போடறதுக்கு அது வேணும். மெஷின் வாங்கினப்பவே அதோட வந்தது. பட்டறையில அவரு கை படாத ஒரே சக்கரம். தான் வெட்டாததெல்லாம் அவருக்கு நம்பர்லயே சேத்தியில்ல.

சொல்லியிருக்கலாம். சொல்லலை. சிலேட்டை வாங்கித் துடைச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் எத்தனை மாசம் ஓடிப்போச்சு. தெரிஞ்சுக்கிட்டே ஒவ்வொண்ணாப் படிக்கறேன், தெரிஞ்சுக்கிட்டே துடைக்கறேன். அவரு பாவம், உனக்குக் கழுத்து வலிக்குதா, இன்னிக்கு இது போதும்பாரு. அப்பல்லாம் எனக்கு உடம்பு கூசும் தம்பி. எங்கயாவது போய் முகத்தை மூடிக்கலாம்னு இருக்கும்.

ஏன்னா, இது முடிஞ்சதும் பையனைக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு. இந்த நம்பரு உடையலைன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவனைக் கூப்பிட்டு ஒண்ணு சொல்லணும்ங்கறாரு. உடைஞ்சுட்டா என்னன்னு கேட்டேன். உடைஞ்சா அப்ப பாக்கலாம்னு வெடுக்குன்னு சொன்னாரு. நான் எப்படி வாயைத் திறப்பேன்?

விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பறீங்களா? கண்ணு கூசுது. ஆமா, தண்ணி வருது. விளக்காலதான்.

பையனுக்கும் அவருக்கும் என்னவா? ஒரு பல்லு தம்பி. ஒரே ஒரு பல்லு.

அவருக்கு ஒரு பழக்கம். ரெண்டு சக்கரம் ஜோடியா கேட்டா, ஒண்ணுல ஒரு பல்லு கூட்டிடுவாரு. இப்ப அறுபது பல்லும் நாப்பது பல்லும் கேக்கறாங்கன்னு வைங்க. ரெண்டுக்கும் இருபது பொது. அதனால சின்னதுல இருக்கற ஒரு பல்லு எப்ப சுத்தினாலும் பெருசுல அதே மூணு பல்லைத்தான் கடிக்கும். அதுல ஒண்ணு சொத்தையா இருந்தா, இதையும் சேத்துத் தின்னுடும். அறுபத்தொண்ணும் நாப்பதும்னா பொது எதுவும் கிடையாது. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் ஒரு சுத்து பாத்துட்டுத்தான் மறுபடி முதல் ஆளுகிட்ட வரும். தேய்மானம் சமமாப் போகும். கிரைண்டருக்கு, மாவு மில்லுக்கு எல்லாம் அது சரிதான். ஜனங்க வாழ்த்தினாங்க.

ஆனா அன்னிக்கு வந்தது சோப்புக்கு உறை வெட்டற மெஷின். அதுல அளவு தப்பக் கூடாது. அறுபதுன்னா அறுபது. பையன்தான் ஆர்டர் பிடிச்சான், பெரிய இடம். அவன் அறுபதுன்னு தாள்ல எழுதியும் குடுத்தான். இவரு வழக்கம்போல ஒண்ணு கூட்டிட்டாரு. கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. மெஷின் ஓடுது, ஒவ்வொரு சுத்துக்கும் கத்தி இம்மியா நகருது. உறையில ஒரு பொம்பளை முகம் போட்டிருப்பாங்களே, முதல்ல காதுல வெட்டு, அப்புறம் கன்னத்துல, அப்புறம் மூக்கு மேலயே விழுந்திருக்கு. கொஞ்ச நேரத்துல ஒரு மலை உறை பாழு.

நான் அன்னிக்கு அங்க இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டறையில துளை போடற ஆளு வந்து சொல்லித்தான் தெரியும். அந்தக் கம்பெனி ஓனரு சக்கரத்தைத் தூக்கிட்டு வந்து மேசையில போட்டு, யாருய்யா வெட்டினதுன்னாராம். எங்க வீட்டுக்காரரு...

எங்க வீட்டுக்காரரு, பையன் வெட்டினதுன்னுட்டாரு.

ஆளுங்க எல்லாம் நிக்கறாங்க. வெட்டினது யாருன்னு அங்க இருக்கற பூனைக்குக்கூடத் தெரியும். பையன் மறுக்கலையாம். ஆமா சார், நான்தான்னு சொல்லிட்டு, திட்டெல்லாம் வாங்கிக்கிட்டு, அந்தாளு போனதும் கையில இருந்த கிரீஸைத் துடைச்சுட்டு வெளிய போனவன்தான். ராத்திரிக்கு வந்து பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். இவரும் அதுக்கப்புறம் பட்டறைக்குப் போகலை. எங்கிட்ட அதைப்பத்தி இன்னிய வரைக்கும் மூச்சு விடலை. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. இல்ல, தெரியுமோ என்னமோ. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

இது நல்லாத் தெரியுது தம்பி. இந்தப் பவரே போடுங்க. ஃப்ரேம் எதுவா இருந்தா என்ன, இருக்கறதுலயே சாதாரணமா ஒண்ணு.

இல்ல, உக்காருங்க. ரசீது அப்புறம் போட்டுக்கலாம். இன்னும் ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் மூணு தெரு தாண்டி, வழியில ரெண்டு கண்ணாடிக் கடை இருந்தும் உங்க கடைக்கு வந்தேன்.

உங்க கடைக்கு நாலு தடவை போன் வந்திருக்கும். கண்ணாடிக் கடை, சொல்லுங்கன்னு நீங்க சொல்லுவீங்க. அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. வெச்சுடுவாங்க. அது நான்தான். திட்டாதீங்க. யாரு எடுக்கறாங்க, எப்படிப் பேசறாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. நாலாவது தடவை, பரவாயில்லங்க, தைரியமாச் சொல்லுங்கன்னீங்க பாருங்க. அப்பதான் நேர்ல வரலாம்னு தோணுச்சு.

அந்த நம்பரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இவ்வளவு நேரம் சொல்லாமலே தள்ளிக்கிட்டு வந்தேன். அது எங்க பையனோட போன் நம்பரு.

இப்ப உங்களோடது. வாசல் போர்டுலயே போட்டிருக்கீங்களே, அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆமா. அவன் போன கையோட அதை விட்டுட்டான். கம்பெனிக்காரங்க கொஞ்ச மாசம் சும்மா வெச்சிருந்து உங்களுக்குக் குடுத்திருக்காங்க. அவருக்கு அது தெரியாது. அவரு ஒரு தடவைகூட அந்த நம்பரை அழுத்தலை தம்பி. பயம். அழுத்தறதுக்கு பதிலா வகுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. போனைக் கையில எடுப்பாரு, பத்து நம்பரையும் பாப்பாரு, கீழ வெச்சுட்டு சிலேட்டை எடுப்பாரு. அப்படித்தான் இது ஆரம்பிச்சுது.

இந்த வாரக் கடைசிக்குள்ள உங்களுக்கு ஒரு போன் வரும். எடுத்ததும், கண்ணாடிக் கடைன்னு சொல்லாம, வெறுமனே ம் சொல்லுங்க. போதும். அவரு முதல்ல நம்பரைப் பத்தித்தான் பேசுவாரு. உன் நம்பரு எதாலயும் உடையலைடா, லட்சம் வரைக்கும் பாத்துட்டேன்னுவாரு. நீங்க போன்ல போட்டுப் பாத்து நூத்தி இருபத்தேழுன்னு சொல்லிடாதீங்க. அது உடையாதது மாதிரியே இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. அங்கதான், ராங் நம்பர்னு வெச்சிடாதீங்க. கடையில ஆளு இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. அந்த அறுபத்தொண்ணு நான் வெட்டினதுடான்னு சொல்லுவாரு. சொல்லிடுவாருன்னுதான் நினைக்கறேன். அவரு சொல்லி முடிச்சதும், அய்யா, இந்த நம்பரு எனக்கு மாறிடுச்சு, உங்க பையன் நம்பரு இதுன்னு புது நம்பரைக் குடுத்துடுங்க.

வேத்தாளுகிட்ட சொல்லிட்டோமேன்னு கூனிக் குறுகித்தான் போவாரு. தெரியும். ஆனா வாய் ஒரு தடவை திறந்துட்டா மறு தடவை திறக்கும். முதல் வெட்டுதான் தம்பி கஷ்டம், அடுத்த பல்லெல்லாம் தானா வரும். பையனும் அதைத்தான் கேக்கறான். அப்பா வாயால ஒரு தடவை சொல்லட்டும், நான் அன்னிக்கே வந்துடறேன், அது வரைக்கும் நம்பரைக் குடுக்காதேன்னு...

ஆமா. புது நம்பரு எங்கிட்ட இருக்கு. ரெண்டாவது மாசத்துலேர்ந்தே இருக்கு. காய் வாங்கப் போறேன்னு போய், ஜெராக்ஸ் கடைப் போன்லேர்ந்து வாரா வாரம் பேசறேன். மருமக மாசமா இருக்கா. திரும்பி வந்து ஸ்டூல்ல உக்காந்து, சுவத்தைப் பாத்து, செத்துப்போன நம்பரை வகுக்கறதுக்கு எடுத்துக் குடுக்கறேன். அவரு என்னைப் பாத்து, நீயும்தான் பாவம், புள்ளை குரலே கேக்காம இருக்கேங்கறாரு.

எழுதிக்கங்க. மெதுவாச் சொல்றேன். யாரு குடுத்தாங்கன்னு அவரு கேட்டா, பழைய ஆளு குடுத்துட்டுப் போனாருன்னு... இல்ல. வேணாம். உங்க சம்சாரம் வந்து குடுத்தாங்கன்னே சொல்லிடுங்க.